அறமனையை ஆள்வது யார்? ஒன்பது நூற்றாண்டு விவாதம் குறித்த மதிப்பாய்வு

ஏழை முதியவர்கள் தங்க வீடுகள் கட்டி, அவற்றின் பராமரிப்புக்கு நிலமும் எழுதிவைத்துவிட்டு ஒருவர் மறைகிறார். வீடுகள் நிற்கின்றன, நிலம் வருமானம் தருகிறது, உள்ளே முதியவர்கள் வாழ்கிறார்கள். இனி யாரைச் சேர்த்துக்கொள்வது, கூரை ஒழுகினால் எந்தப் பணத்தில் சரிசெய்வது, விலை ஏறிய நிலத்தை விற்கலாமா என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் யார்? அவர் தவறினால் தட்டிக்கேட்கும் உரிமை யாருக்கு உண்டு?

இங்கிலாந்தில் 'ஆம்ஸ்ஹவுஸ்' எனப்படும் அறமனைகள் இந்தக் கேள்விகளை ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளாகச் சந்தித்து வருகின்றன. இன்றும் அங்கே சுமார் 1,600 அறமனை அறக்கட்டளைகள் இயங்குகின்றன; 36,000 பேர் வரை அவற்றில் வாழ்கிறார்கள். மாளிகை போன்ற சில பழைய வளாகங்களைத் தவிர்த்தால், பெரும்பாலானவை ஊர்ப்புறத்துத் தேவாலயத்தின் அருகே ஒரு வரிசை வீடுகளாக நிற்பவை. இவற்றை ஆள வேண்டியவர் நிறுவியவர் நியமித்த தலைவர், பெரிய மனிதர்களின் குழு, வணிகர் சங்கம், நகரவை, நீதிமன்றம், அரசு ஆணையம், தன்னார்வ அறங்காவலர் குழு என்று காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் வந்தன. அவை எங்கிருந்து எழுந்தன, எங்கே தடுமாறின என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

தலைவர் ஒருவரின் ஆட்சி

மிகப் பழைய விடை, ஒரு தலைவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது. வின்செஸ்டர் நகரின் செயின்ட் கிராஸ் அறமனையை 1130-களில் பிஷப் ஹென்றி ஆஃப் புளுவா நிறுவினார். பதின்மூன்று ஏழைகளுக்குத் தங்குமிடம், மேலும் நூறு பேருக்கு நாள்தோறும் உணவு என்பது அதன் பணி. 1445-இல் கார்டினல் போஃபோர்ட் வறுமையுற்ற நற்குடியினருக்கென்று இன்னொரு பிரிவை அதில் சேர்த்தார். நிர்வாகம் 'மாஸ்டர்' எனப்பட்ட தலைவர் கையில் இருந்தது. அவர் பெரும்பாலும் மதகுருவாக இருந்தார். அவரை நியமிக்கும் உரிமை பிஷப்பிடம் இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தர்க்கம் உண்டு. நிறுவியவரின் விருப்பம் சாசனமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை நிறைவேற்ற மனசாட்சியுள்ள ஒருவர் போதும். அவர் தவறினால் நிறுவியவரின் வாரிசோ அவர் குறித்துவைத்த மேற்பார்வையாளரோ தலையிடலாம். 'விசிட்டர்' எனப்பட்ட இந்த மேற்பார்வையாளரின் உரிமையை, 1694-ஆம் ஆண்டின் பிலிப்ஸ் எதிர் பரி வழக்கில் நீதிபதி ஹோல்ட் முன்வைத்த கருத்து உறுதிப்படுத்தியது. அறத்துக்குச் சொத்தைக் கொடுத்தவருக்கே அது நடக்கும் விதத்தைப் பார்த்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்பது அதன் சாரம்.

பலவீனம் வருமானத்தில் இருந்தது. சாசனம் ஏழைகளுக்குக் குறிப்பிட்ட படியளவைச் சொல்லியிருந்தால், காலப்போக்கில் நில வருமானம் பெருகியபோது மிச்சம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. கணக்கைத் தன் கையில் வைத்திருந்த தலைவரே விடையையும் சொன்னார். செயின்ட் கிராஸில் 1696-இல் எழுதப்பட்ட ஒரு வழக்கப் பதிவேடு, மிச்சம் தலைவருக்கே உரியது என்ற நிலையை ஆவணமாக்கியது. 1808-இல் வின்செஸ்டர் பிஷப் பிரௌன்லோ நார்த் தம் மகன் பிரான்சிஸ் நார்த்தை அங்கே தலைவராக நியமித்தார். பின்னாளில் கில்ஃபோர்ட் பிரபுவான அந்த மகன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வருமானத்தை அனுபவித்தார். நியமித்தவரும் நியமனம் பெற்றவரும் ஒரே வீட்டினராக இருக்கையில், மேற்பார்வை என்பது ஏட்டில் மட்டுமே இருக்க முடியும்.

தலைவர் பதவி வேறு ஒருவருக்கான சம்பளமாக மாறிய நிகழ்வும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஈவெல்ம் ஊரில் 1437-இல் நிறுவப்பட்ட அறமனையின் தலைமையை, முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியர் பதவியோடு இணைத்துவிட்டார். பேராசிரியருக்கு அது நல்ல வருமானம். முதியவர்களின் நலன் அந்த இணைப்புக்குக் காரணமாக இருந்ததாகச் சொல்வது கடினம்.

சாகாத குழு

ஒரு மனிதர் தவறலாம், இறக்கலாம். ஒரு குழு அப்படிச் சாவதில்லை என்பது இரண்டாவது விடை. நிலக்கரியிலும் கடன் கொடுப்பதிலும் பெரும் பொருள் ஈட்டிய தாமஸ் சட்டன், 1611-இல் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் வளாகத்தை 13,000 பவுண்டுக்கு வாங்கினார். எண்பது முதியவர்களுக்கு இல்லமும் சிறுவர்களுக்குப் பள்ளியும் அவர் திட்டம். பதினாறு ஆளுநர்கள் கொண்ட குழுவை மன்னரின் சாசனம் ஏற்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டன் இறந்தார். அறமனை இன்னும் இயங்கத் தொடங்காததால் அந்தக் குழு சட்டப்படி பிறக்கவே இல்லை என்று வாரிசு வழக்குத் தொடுத்தார். 1612-இல் தீர்ப்பு அறமனைக்குச் சார்பாக வந்தது. கண்ணுக்குத் தெரியாததும் சாவில்லாததுமான சட்டப்பிறவியே ஒரு கூட்டமைப்பு என்று நீதிபதி எட்வர்ட் கோக் அந்த வழக்கில் தந்த விளக்கம், பின்னாளில் கம்பெனிச் சட்டத்துக்கும் அடிப்படைகளுள் ஒன்றானது.

இந்த ஏற்பாட்டை அன்றே எதிர்த்தவர் பிரான்சிஸ் பேக்கன். சட்டனின் சொத்து குறித்து மன்னருக்கு அவர் எழுதிய ஆலோசனையில் இரண்டு ஐயங்கள் தெரிகின்றன. பெரும் வருமானமுள்ள ஒற்றை நிறுவனம் பதவி தேடுவோரை ஈர்க்கும், ஏழைக்கு எஞ்சுவது குறையும் என்பது ஒன்று. அளவான வருமானமுள்ள பல சிறு அறமனைகள் அதைவிட நன்மை செய்யும் என்பது மற்றொன்று. பேக்கன் வாரிசின் தரப்பில் நின்றவர் என்பதற்காக மட்டும் அவர் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அறமனைகள் ஒன்றிணைய வேண்டுமா, தனித்தனியே இருக்க வேண்டுமா என்று இன்று நடக்கும் விவாதத்தின் முதல் தெளிவான குரல் அது.

குழு ஆட்சி தனி மனிதரின் பேராசையைக் கட்டுப்படுத்தியது. ஆனால் ஆளுநர்கள் நாட்டின் உயர்பதவியினர். காலியாகும் இடங்களுக்கு முதியவர்களைப் பரிந்துரைப்பது அவர்களின் முறைவழி உரிமையாக இருந்தது. யார் அதிகம் வறியவர் என்ற கேள்வியோடு, யார் யாருக்குத் தெரிந்தவர் என்பதும் சேர்க்கையைத் தீர்மானித்தது. சட்டன் காலத்துக் குழு சொத்தைக் காத்தது. சேர்க்கையின் நேர்மைக்கு அது தன்னளவில் உறுதி தரவில்லை.

வணிகர் சங்கம், நகரம், குடும்பம்

மூன்றாவது விடை, ஏற்கெனவே நிலைத்திருக்கும் ஓர் அமைப்பிடம் பொறுப்பை விடுவது. லண்டன் மேயர் ரிச்சர்ட் விட்டிங்டன் 1423-இல் இறந்தபின் அவர் சொத்திலிருந்து எழுந்த அறமனையை மெர்சர்ஸ் எனப்படும் துணி வணிகர் சங்கம் ஏற்றது. கிரீனிச் நகரில் நார்தாம்ப்டன் பிரபு ஹென்றி ஹோவர்ட் நிறுவிய டிரினிட்டி அறமனையும் அதே சங்கத்தின் பொறுப்பில் வந்தது. வணிகர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும், குத்தகை பேசத் தெரியும், சங்கத்துக்கு முடிவு கிடையாது என்பதே இதன் பலம். நூற்றாண்டுகளைக் கடந்து இந்தச் சொத்துகள் கரையாமல் நின்றதில் அந்தத் திறமைக்குப் பங்கு உண்டு.

ஹாலந்தில் நகர மேல்தட்டினரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 'ரீஜென்ட்' குழுக்கள் இதே வேலையைச் செய்தன. ஹார்லெம் நகர முதியவர் இல்லத்தின் இரண்டு குழுக்களை 1664-இல் பிரான்ஸ் ஹால்ஸ் ஓவியமாகத் தீட்டினார். ஒன்றில் ஆண் நிர்வாகிகள், மற்றொன்றில் பெண் நிர்வாகிகள். இங்கிலாந்தின் ஆளுநர் குழுக்களில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், அங்கே பெண்கள் தனிக் குழுவாகப் பொறுப்பில் அமர்ந்திருந்ததற்கு அந்த ஓவியமே சான்று. ஆனால் இரண்டு ஓவியங்களிலும் இல்லத்து முதியவர் ஒருவரும் இல்லை. குழு தன்னைத்தானே எப்படிக் கண்டது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வங்கியாளர் யாக்கோப் ஃபுக்கர் 1521-இல் நிறுவிய ஃபுக்கரை குடியிருப்பு மற்றொரு வழியைக் காட்டுகிறது. ஃபுக்கர் குடும்பத்தின் கிளைகளைச் சேர்ந்த பிரதிநிதிகளின் அவை இன்றும் அதை ஆள்கிறது. ஆண்டு வாடகை ஒரு ரைன் குல்டன் என்று வைத்தது மாறவில்லை. இன்றைய கணக்கில் அது 0.88 யூரோ. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பெரிதும் சிதைந்தபோதும் குடும்பம் அதை மீண்டும் கட்டியெழுப்பியது. குடும்ப ஆட்சி எப்போதும் சீரழியும் என்ற பொதுக்கருத்துக்கு இது வலுவான மறுப்பு. எனினும் ஆக்ஸ்பர்க்கின் வறிய கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே இடம் என்ற நிபந்தனையும் நிறுவியவர் காலத்திலிருந்தே தொடர்கிறது. மாறாமையே இந்த முறையின் பெருமையும் எல்லையும்.

நகரவைகளின் வரலாறு அவ்வளவு நல்லதாக இல்லை. இங்கிலாந்தின் பழைய நகரவைகள் தங்கள் வசமிருந்த அறக்கொடைகளைக் கட்சி ஆதரவாளர்களுக்குப் பயன்படுத்துவதாகக் குற்றச்சாட்டுகள் பெருகின. 1835-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அந்த அறக்கொடைகளை நகரவைகளிடமிருந்து பிரித்துத் தனி அறங்காவலர்களிடம் சேர்த்தது. தேர்தல் அரசியலும் அறநிர்வாகமும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது என்ற கொள்கை அங்கே வடிவம் பெற்றது.

அரசின் கண்

மேற்பார்வைக்கு அரசு வேண்டும் என்ற கருத்து புதிதன்று. முதலாம் எலிசபெத் காலத்தில், 1601-இல் வந்த அறக்கொடைச் சட்டம் முறைகேடுகளை விசாரிக்க உள்ளூர் ஆணையங்களை அமைக்க வழிசெய்தது. ஆனால் நிறுவியவரே தனி ஆளுநர்களையோ மேற்பார்வையாளர்களையோ நியமித்திருந்த அறமனைகளுக்கு அது விலக்களித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி புரூமின் முயற்சியால் 1818-இல் அமைந்த விசாரணை ஆணையத்துக்கும் தொடக்கத்தில் இதே போன்ற விலக்கு இருந்தது. சாசனத்தில் குழு உண்டு என்பதாலேயே எல்லாம் சரியாக நடக்கும் என்று சட்டம் நம்பியது. தவறு நடக்க வாய்ப்பு மிகுந்த செல்வ நிறுவனங்கள் பல அந்த நம்பிக்கையின் மறைவில் இருந்தன.

விலக்கு பின்னர் சுருங்கியது. 1837 வரை நீண்ட அந்த விசாரணை சுமார் 29,000 அறக்கொடைகளை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1853-இல் நிரந்தர அறக்கொடை ஆணையம் பிறந்தது. அதே ஆண்டில் செயின்ட் கிராஸ் வழக்கில் நீதிமன்றம் தலைவரின் உரிமைகோரலை நிராகரித்தது. 1855-இல் கில்ஃபோர்ட் விலகினார். அறமனை அறங்காவலர் குழுவின் கீழ் வந்தது. புதிய ஆணையத்தின் கை தொடக்கத்தில் கட்டப்பட்டே இருந்தது. 1860-இல் நிர்வாகத் திட்டங்களை வகுக்கும் அதிகாரம் கிடைத்தபோதும், ஆண்டு வருமானம் 50 பவுண்டுக்கு மேல் உள்ள அறக்கொடைகளில் அறங்காவலர்களின் பெரும்பான்மை கேட்டுக்கொண்டால்தான் அது தலையிட முடிந்தது.

சீர்திருத்தத்தின் மறுபக்கத்தை ஆந்தனி டிராலப்பின் 'தி வார்டன்' நாவல் 1855-லேயே எழுப்பியது. கதையில் வரும் பொறுப்பாளர் நல்லவர், முதியவர்கள்பால் அன்புள்ளவர். அவருடைய வருமானம் நியாயமற்றது என்ற பிரசாரம் வெல்கிறது. அவர் பதவி விலகுகிறார். அதன்பின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. முதியவர்கள் முன்பிருந்ததைவிடத் தனித்துப்போகிறார்கள். இது புனைவுதான், சான்றாகாது. ஆனால் சொத்தின் நியாயத்தைச் சரிசெய்யும் நடவடிக்கை, அங்கு வாழ்பவரின் அன்றாடத்தைச் சரிசெய்துவிடும் என்ற எடுகோளை அது கேள்விக்கு உட்படுத்துகிறது. அந்தக் கேள்விக்கு அன்றைய சீர்திருத்தவாதிகளிடம் முழுமையான பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் சென்னை மாகாணம்

இந்த விவாதத்துக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு, ஒரே ஆட்சியின் சிந்தனை இரண்டு இடங்களில் எடுத்த வடிவங்களில் இருக்கிறது. புரூம் ஆணையத்துக்கு ஓராண்டு முன்பே, சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குவிதி கோயில்கள், மசூதிகள், சத்திரங்கள் ஆகியவற்றின் கட்டளைச் சொத்துகளை வருவாய் வாரியத்தின் பொது மேற்பார்வையில் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அரசு தயங்கித் தயங்கி எடுத்த பொறுப்பை இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரே விதியில் எடுத்துக்கொண்டது.

பின்னர் பின்வாங்கலும் நடந்தது. கிறிஸ்தவ அரசொன்று பிற சமயக் கோயில்களை நிர்வகிப்பதா என்று மிஷனரிகள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வலுத்தது. 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் சமய நிறுவனங்களின் மேற்பார்வையை உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. அந்தக் குழு உறுப்பினர்களின் பதவி ஆயுட்காலத்துக்கு உரியது. நீதிமன்றம் நீக்கினால் ஒழிய மாற்ற முடியாது. அந்தக் குழுக்கள் பற்றிய அதிருப்தி வளர்ந்து, 1920-களில் மாகாண அளவிலான வாரியம் அமையக் காரணங்களுள் ஒன்றானது. அறநிறுவனத்தை ஆளும் குழுவுக்குக் காலவரம்பு வேண்டும் என்ற பாடத்தை இங்கிலாந்தைப் போலவே தமிழகமும் தன் அனுபவத்தில் கற்றது.

இன்றைய குழுவும் துணைக்குழுக்களும்

இன்றைய இங்கிலாந்தில் வழக்கமான அமைப்பு ஊதியமில்லா அறங்காவலர் குழு. அளவில் பெரிய அறமனைகளில் அதன் கீழ் துணைக்குழுக்கள் உண்டு: நிதியும் முதலீடும் ஒன்று, கட்டடப் பராமரிப்பு ஒன்று, சேர்க்கையும் வாசிகள் நலனும் ஒன்று. கூட்டக் குறிப்புகளையும் கடிதப் போக்குவரத்தையும் 'கிளார்க்' பார்த்துக்கொள்கிறார். வளாகத்தில் அன்றாடம் முதியவர்களோடு பழகுபவர் வார்டன் அல்லது மேலாளர். துணைக்குழு பரிந்துரைக்கலாம், வரையறுத்த அளவுக்கு முடிவும் எடுக்கலாம். இறுதிப் பொறுப்பு எல்லா அறங்காவலர்களுக்கும் கூட்டாகவே உரியது. முதலீட்டுக் குழு தவறினால், அதில் இல்லாதவரும் பதில் சொல்ல வேண்டும்.

துணைக்குழு முறையை ஆதரிப்பவர்கள் மூன்று நன்மைகளைச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்குரியதாகப் பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் பங்குச்சந்தை முதலீடும் வெவ்வேறு அறிவைக் கேட்பவை. சேர்க்கையை ஒருவர் தீர்மானிக்காமல் சிலர் சேர்ந்து, எழுதிவைத்த அளவுகோலின்படி தீர்மானிப்பது சலுகையைக் குறைக்கும். முழுக் குழுவின் நேரம் பெரிய கேள்விகளுக்கு மிஞ்சும்.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறிய அறமனையில் அறங்காவலர்களே ஆறேழு பேர். மூன்று துணைக்குழுக்கள் என்றால் அதே முகங்கள் மூன்று அறைகளில் சந்திப்பதுதான் நடக்கும். நிதிக்குழு செல்வாக்கு மிகுந்ததாகி, உண்மையான முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டு முழுக் குழுவில் ஒப்புதல் மட்டும் பெறப்படுவதும் நிகழலாம். முதியவரின் குளியலறையில் கைப்பிடி பொருத்துவது கட்டடக் குழுவின் வேலையா, நலக்குழுவின் வேலையா என்பதில் மாதங்கள் கடந்தால், அமைப்பு சீராக இருந்தும் அதன் பயன் உரியவரைச் சேரவில்லை என்றே பொருள்.

2017-இல் வெளியான அறக்கொடை நிர்வாக நெறிமுறைப் பதிப்பு, குழுவில் ஐந்து முதல் பன்னிரண்டு பேர் வரை இருப்பது பொதுவாக நல்லது என்றும், ஒருவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தால் அதற்குச் சிறப்புக் காரணம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது கட்டாயமன்று. ஊதியமில்லாத பொறுப்புக்கு ஆள் கிடைப்பதே அரிதான ஊர்களில் ஒன்பதாண்டு வரம்பை அப்படியே பின்பற்றுவது கடினம். பழைய முறை அறக்கட்டளையில் அறங்காவலரின் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து வரலாம் என்ற அச்சமும் ஆட்களைத் தடுக்கிறது. அதைக் குறைக்க உருவான புதிய கூட்டமைப்பு வடிவத்துக்கு அறமனைகள் பல மாறியுள்ளன. சட்டன் வழக்கு தந்த பாதுகாப்பு, நான்கு நூற்றாண்டுகள் கழித்துச் சிறிய அறமனைகளுக்கும் எட்டியிருக்கிறது.

உள்ளே வாழ்பவரின் இடம்

இதுவரை கண்ட எல்லா விடைகளும் முதியவரைப் பெறுபவராக வைத்தவை. சட்டமும் பெரிதும் அப்படியே வைத்திருக்கிறது. அறமனைவாசி வாடகைதாரர் அல்லர், அறக்கொடையின் பயனாளி என்ற அடிப்படையில் உரிமம் பெற்று வாழ்பவர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் கூறியது. 2016-இலும் அதையே உறுதிசெய்தது. அவர் செலுத்தும் தொகைகூட வாடகையாகாது. பராமரிப்புப் பங்களிப்பு என்றே கொள்ளப்படுகிறது.

அறமனைகளின் தரப்பில் இதற்குச் சொல்லும் நியாயம் உண்டு. வாடகைதாரருக்குரிய குடியிருப்புரிமை தந்தால், தேவை தீர்ந்த பின்னும் வீட்டை விடாத நிலை வரலாம். காத்திருக்கும் ஏழைக்கு இடம் கிடைக்காது. அறக்கொடையின் நோக்கத்தைக் காக்க இந்த நெகிழ்வு தேவை என்கிறார்கள். மறுதரப்பின் வாதம் எளியது: முதுமையில், வேறு போக்கிடம் இல்லாத ஒருவரின் கூரை ஒரு குழுவின் நல்லெண்ணத்தில் தொங்கக் கூடாது. தன்னை வெளியேற்றும் அதிகாரம் உள்ள குழுவிடம் குறை சொல்ல எத்தனை பேர் துணிவார்கள் என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

வாசிகளில் ஓரிருவரை அறங்காவலராக்குவது ஒரு நடுவழியாக முன்வைக்கப்படுகிறது. சட்டம் அதைத் தடுப்பதில்லை. ஆனால் பங்களிப்புத் தொகையை உயர்த்துவது போன்ற முடிவுகளில் அவருக்குச் சொந்த நலன் உண்டு என்பதால் விலகி நிற்க வேண்டிவரும். அவர் வாசிகளின் பிரதிநிதியாகப் பேசலாமா, முழு அறக்கொடையின் காவலராகத்தான் பேச வேண்டுமா என்பதிலும் குழப்பம் உண்டு. சட்டம் இரண்டாவதையே சொல்கிறது. அயல்வீட்டார் முதலாவதை எதிர்பார்ப்பார்கள். குழுவுக்கு வெளியே வாசிகள் மன்றம், வார்டனைத் தாண்டி அறங்காவலரிடம் நேரே சொல்லும் வழி, வெளியார் விசாரிக்கும் புகார்முறை ஆகியவை இதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றில் எது முதியவரின் வாழ்வை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதை ஒப்பிட்டுச் சொல்ல, அறமனைகளின் பன்முகத்தன்மையே தடையாக நிற்கிறது.

மதிப்பீடு

இந்த நீண்ட விவாதத்திலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். ஆள்பவர் யார் என்பதை மட்டும் கொண்டு ஓர் அறமனையின் நலத்தைக் கணிக்க முடியாது. செயின்ட் கிராஸில் மதத்தலைமை தவறியது. ஃபுக்கரையில் குடும்ப ஆட்சி நிலைத்தது. மெர்சர்ஸ் சங்கம் சொத்தைக் காத்தது. பழைய நகரவைகள் அந்த நம்பிக்கையை இழந்தன. தவறிய இடங்களில் திரும்பத் திரும்பத் தென்படுபவை மூன்று: வருமானத்தால் பயன்பெறுபவர் கையிலேயே கணக்கு இருந்தது, பதவிக்கு வரம்பு இல்லை, மேற்பார்வை இருப்பதாக எல்லோரும் நம்பினார்களே தவிர யாரும் செய்யவில்லை. திறந்த கணக்கு, காலவரம்பு, வெளியிலிருந்து கேள்வி கேட்கும் அதிகாரம் ஆகிய மூன்றும், குழுவின் வடிவத்தைவிட முக்கியமானவை என்று கொள்ள வரலாறு இடந்தருகிறது.

குழுக்கள் சொத்தைக் காப்பதில் தேறியிருக்கின்றன என்பதும் ஏற்கத்தக்கதே. மனிதரைக் கேட்பதில் அவை அதே அளவு தேறியதாகச் சொல்ல இயலவில்லை. நிலத்துக்கும் நிதிக்கும் கணக்கேடு உண்டு. ஒரு முதியவரின் அச்சத்துக்கும் தனிமைக்கும் அப்படி ஓர் ஏடு இல்லை. நிர்வாகச் சீர்திருத்தம் முதல் வகையில் மட்டும் கவனம் செலுத்தினால், அறமனை நன்கு பராமரிக்கப்பட்ட சொத்தாக மட்டும் எஞ்சிவிடும்.

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. குடியிருப்புரிமையின் பாதுகாப்பையும் அறக்கொடையின் நெகிழ்வையும் ஒரே ஏற்பாட்டில் பொருத்த முடியுமா? சமயம், ஊர், தொழில் சார்ந்து நிறுவியவர் விதித்த நிபந்தனையை எந்தக் கட்டத்தில் மாற்றுவது நியாயம், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் குழுவா அரசா? அறங்காவலர் கிடைக்காத சிறு அறமனைகள் இணைய வேண்டுமா, அல்லது பேக்கன் விரும்பியபடி சிறியவையாகவே நிற்க வழி தேட வேண்டுமா? இணைந்தால் நிர்வாகத் திறன் கூடும். தெருவில் பார்த்து நலம் விசாரிக்கும் அறங்காவலர் இல்லாமல் போவார். எந்த இழப்பு பெரியது என்பது இடத்துக்கு இடம் மாறக்கூடியது. அந்த முடிவை எடுக்கும் மேசையில், முடிவின் விளைவோடு வாழப்போகும் முதியவர்களின் குரலும் பதிவாக வேண்டும் என்ற அளவிலாவது உடன்பாடு ஏற்பட்டால், ஒன்பது நூற்றாண்டு விவாதம் ஓர் அடி முன்னேறியதாகக் கருதலாம்.